அத்தான் மேல் நான் போட்ட பழி

சர்வதேசச் சட்டத்தில் முதுமாணிப் பட்டம் பெறப் போவதற்காக, என் அக்காள் குடும்பத்தின் பிரஜாவுரிமையை நான் தொலைத்தேன். தொலைத்தது போதாதென்று, பழியை என் அத்தான் மேல் போட்டேன்.

சொல்லிவிட்டேன்! ஐந்து ஆண்டுகளாகத் தொண்டைக்குள் நின்ற இரண்டு வாக்கியங்கள்... எழுதிப் பார்த்தால் இவ்வளவு சிறியவையாக இருக்கின்றன.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னை நல்லவன் என்கிறார்கள். படித்துவிட்டும் தோட்டத்தை மறக்காதவன் என்கிறார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை.

என்னைப் பற்றி நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் சரி. ஆனால் முதலில் அவர்கள் இருவரையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களைத் தெரியாவிட்டால் நான் செய்ததன் கனம் உங்களுக்குப் புரியாது.

அக்காளின் பெயர் பவளக்கொடி. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். எனக்கு ஏழு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து எனக்குத் தலைவாரியது, சளி பிடித்தால் மார்பில் எண்ணெய் தேய்த்தது, பொய் சொன்னால் காதைத் திருகியது எல்லாம் அவள்தான். பொய் சொன்னால்... ஆம், அவள் கண்டுபிடித்துவிடுவாள். அப்போதெல்லாம்.

அத்தானின் பெயர் சடையாண்டி. கவ்வாத்துக்காரர். உயர்ந்துபோன தேயிலைச் செடிகளைக் கத்தியால் ஒரே சீராக வெட்டி இறக்குகிற அந்த வேலையில் அவருக்கு நிகர் எங்கள் தோட்டத்தில் கிடையாது. பெரிய உருவம், பெரிய சிரிப்பு. அவர் சிரித்தால், எங்கள் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டில் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும் என்று அக்காள் சொல்வாள்.

அவர்களுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. லிந்துலையில் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை நல்ல மழை. ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, இன்று பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாள் அக்காள். புது மாப்பிள்ளை எழுந்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். என் புத்தகங்களைத் தம் கம்பளிக்குள் திணித்துக்கொண்டார். முழங்கால் தண்ணீரில் என்னைக் கடத்திக் கொண்டுபோய்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி ஓடினார். காலை நேரத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்காகக் கங்காணியிடம் அவர் வாங்கிய ஏச்சை அக்காள் பின்பு எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள். அத்தானும் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார்!

இப்படிப்பட்ட மனிதர்.

நான் சட்டப் பட்டம் பெற்று, ஹட்டனில் புரொக்டர் என்கிற வழக்கறிஞர் ஒருவரிடம் வேலை பழகச் சேர்ந்து, முதன்முறை கறுப்புக் கோட்டோடு லயத்துக்குப் போன நாளில் அவர் என்னை ‘நீங்க’ என்றார்.

“என்ன அத்தான் இது, புதுசா?”

“மரியாதை கோட்டுக்குங்க தம்பி. ஒங்களுக்கு இல்ல.”

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் அவர் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார். இன்றுவரை அப்படித்தான்.

நாடு சுதந்திரம் பெற்ற பிறகு வந்த சட்டத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நாங்கள், இந்த மண்ணிலேயே பிறந்திருந்தாலும், இந்த நாட்டின் பிரஜைகள் அல்ல. வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே இருந்தோம் என்று காகிதம் காட்ட வேண்டும். என் அப்பா விண்ணப்பித்தார். பராயமடையாத பிள்ளை என்று என் பெயரையும் அதில் சேர்த்திருந்தார். கிடைத்தது. கிடைத்த மறு வருடம் அவர் இறந்தார்.

அக்காள் கல்யாணமானவள். அவள் பெயர் அத்தானின் விண்ணப்பத்தில் இருந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் நான் பிரஜை. அவள், விசாரணைக்குக் காத்திருக்கும் ஒருவரின் மனைவி.

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? லயத்து ஜனம் பாதி கூடியிருக்கையில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அத்தானின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, தோட்டத்துத் துரை எழுதிக்கொடுத்த கடிதம், எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி ஹட்டன் அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். லயத்துக்கு வரும் கடிதங்கள் சிலவேளை தவறிப்போகும் என்று, விசாரணைக் கடிதம் வரவேண்டிய முகவரியாக என் முகவரியையே கொடுத்தேன்.

அந்தக் கட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஒரு சட்டக்காரனாகச் சொல்கிறேன்... ஒரு குறையும் இல்லை!

இனி அந்த இன்னொரு ஆசையைச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் மாணவனாக இருந்தபோது, நூலகத்தின் மூலையில் ஒரு சர்வதேசச் சட்டப் புத்தகம் என் கைக்கு வந்தது. அட்டை கழன்ற பழைய புத்தகம். நாடு என்பது எது, யார் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், கடல் யாருக்குச் சொந்தம், இரண்டு அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையை ஒன்று மீறினால் என்ன ஆகும்... நான் மதியச் சாப்பாட்டை மறந்து படித்தேன். அதுவரை படித்த சட்டமெல்லாம் வேலியைப் பற்றியதாகவும் மாட்டைப் பற்றியதாகவும் இருந்தது. இதுவோ உலகத்தைப் பற்றியது! மலைகளுக்கு நடுவே பிறந்து, மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் அந்தப் படிப்பைக் காதலித்தேன். அதில் பொய்யில்லை. பொய் பிறகுதான் வந்தது.

ஹட்டன் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்தவை அடிதடி வழக்குகள், எல்லைத் தகராறுகள், ஆடு மேய்ந்த வழக்குகள். மழையில் நனைந்த கோட்டோடு நீதிமன்ற வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பேன். “தோட்டத்துப் பெடியன், கெட்டிக்காரன்” என்று மற்றப் புரொக்டர்மார் பேசிக்கொள்வது காதில் விழும். பாராட்டுத்தான். ஆனால் அந்த முதல் சொல் என்னைச் சுட்டது. அந்தச் சொல் இல்லாத ஓர் இடத்துக்கு நான் போக விரும்பினேன்.

லண்டனில் மேற்படிப்புக்கு ஒரு புலமைப்பரிசில் பற்றிய விளம்பரம் வந்தது. படிவத்தில் எந்தத் துறை என்று கேட்டிருந்தது. வணிகச் சட்டம், காணிச் சட்டம், அரசியலமைப்புச் சட்டம், சர்வதேசச் சட்டம். ஊரில் இருந்து பிழைக்க நினைக்கும் எவனும் முதல் மூன்றில் ஒன்றைத்தான் எடுப்பான். நான் நான்காவதற்கு நேரே அடையாளமிட்டேன். 

என் மூத்தவரான அந்தப் புரொக்டரிடம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து மனிதர், தமக்குப் பின் அலுவலகத்தை நானே நடத்துவேன் என்று நம்பியிருந்தார். அக்காளிடமும் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கொழும்பில் நேர்முகத் தேர்வுக்கு. மற்றது நுவரெலியாவில் அத்தானின் பிரஜாவுரிமை விசாரணைக்கு.

இரண்டும் ஒரே நாள்.

நீங்கள் கேட்பீர்கள்: ஏன், வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தன! என் மூத்தவரிடம் சொல்லியிருந்தால் எனக்குப் பதிலாக அவர் போயிருப்பார். உடனே எழுதியிருந்தால் விசாரணையை ஒத்திவைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காகிதக் கட்டைக் கொண்டுபோய் அக்காளிடம் கொடுத்து, “எனக்கு வேறு வேலை, நீங்கள் இருவரும் போய் வாருங்கள்” என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் போயிருப்பார்கள். கேட்ட கேள்விக்கு அத்தான் உண்மையைச் சொல்லியிருப்பார். கிடைத்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை?

எத்தனையோ முறை இதை என்னிடமே கேட்டிருக்கிறேன். மூத்தவரிடம் சொன்னால் என் இரகசியம் உடையும் என்ற பயம், அது ஒன்று. இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது... நான் பக்கத்தில் நின்று வாங்கிக் கொடுக்கிறேன் என்று ஊரறியச் சொன்ன காரியம், நான் இல்லாமலே நடந்துவிடுவதை நான் விரும்பவில்லை. அவர்கள் என்னால் பிரஜைகளாக வேண்டும். என்னால்!

ஒத்திவைக்கும்படி ஒரு கடிதம் எழுதினேன். எழுதிப் பைக்குள் வைத்தேன். காரணம் என்ன சொல்வது என்று மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில், கொழும்புக்கு ரயிலேறப் போகும்போதுதான் ஹட்டன் ஸ்டேஷன் தபால்பெட்டியில் போட்டேன். விசாரணைக்கு முந்தைய நாள்! அது போய்ச் சேர்ந்தபோது விசாரணை முடிந்திருந்தது.

நேர்முகத் தேர்வில் மூவர் இருந்தனர். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்: இத்தனை துறைகள் இருக்க, ஏன் சர்வதேசச் சட்டம்?

நான் என் அக்காளைப் பற்றிச் சொன்னேன்.

ஆம். பிறந்த மண்ணில் நாடற்று நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி, அவள் கணவனைப் பற்றி, அவர்களுடைய பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். இவர்களுக்கு உள்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை, உலகத்தின் சட்டத்தில்தான் இடம் தேட வேண்டும் என்றேன். அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதே காலைப்பொழுதில், நுவரெலியாவில் ஒரு வாசலில் நின்று யாரோ என் அத்தானின் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். மூன்று முறை கூப்பிடுவது வழக்கம்.

அத்தான் அப்போது மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அக்காள் கூடையோடு நின்றாள். அன்று விசாரணை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

புலமைப்பரிசில் கிடைத்தது. சில நாளில் மற்றதும் வந்தது: விண்ணப்பதாரர் சமுகமளிக்காமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேன்முறையீட்டுக்கு மூன்று மாதம்.

மூன்று மாதம் கிடந்தது! செய்திருக்கலாம். ஆனால் சத்தியக் கடதாசி என்கிற உறுதிமொழிப் பத்திரம் முடிக்க வேண்டும். அறிவித்தல் யார் கைக்கு வந்தது, ஏன் அவர் விண்ணப்பதாரருக்குச் சொல்லவில்லை என்று நானே என் கையால் எழுத வேண்டும். எழுதினால் என் தொழில் போகலாம், லண்டனும் போகலாம். அந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நாட்கள் போயின. எத்தனை நாள் மிச்சம் என்று காலையில் எழுந்ததும் எண்ணுவேன். எண்ணினேனே தவிர எழுதவில்லை.

கெடு முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன்.

“கெடைக்கல அக்கா” என்றேன்.

அக்காள் மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள். அத்தான்தான் கேட்டார்.

“ஏனுங்க தம்பி? காகிதமெல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே?”

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். கல்யாணத்துக்கு ஆறேழு வருடம் முன்பு, திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் சாகக் கிடந்த தம் தாயைப் பார்க்க அத்தான் கப்பலேறிப் போயிருந்தார். நான்கு மாதம் இருந்து, காரியம் முடித்துவிட்டு வந்தார். அந்தப் பயணத்தால் தொடர்ச்சி அறுந்துவிட்டது, கேட்கிற கேள்வியெல்லாம் கேட்காமலே காகிதத்தைப் பார்த்து மறுத்துவிட்டார்கள் என்றேன்.

அவ்வளவு குறுகிய பயணம் சட்டப்படி ஒரு தடையே அல்ல. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

அந்தப் பெரிய மனிதர் மெல்லச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “எங்க ஆத்தாவப் பாக்கத்தானே தம்பி போனேன்...” என்றார். என்னிடம் இல்லை. யாரிடமோ.

அக்காள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “விடுங்க. பெத்தவ சாகக் கெடக்கையில போகாம இருந்தா மனுசனா? எந்த நாட்டுக்காரனும் போவான்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்த அந்தக் கண்கள்... அன்று ஏனோ கண்டுபிடிக்கவில்லை.

“நீ என்னடா பண்ணுவ, பாவம். எங்களுக்காக அலஞ்சு அலஞ்சு மொகமே வாடிப்போச்சு. மொதல்ல கைகழுவிட்டு உக்காரு.”

அன்று நான் லண்டன் போகும் செய்தியையும் சொன்னேன். சர்வதேசச் சட்டம் படிக்கப் போகிறேன், உங்களுக்காகத்தான், நாடில்லாதவர்களின் வழக்கை உலகத்தின் முன்னால் பேசப் படிக்கிறேன் என்றேன். ஏற்கெனவே கொழும்பில் ஒருமுறை பேசிப் பழகியிருந்ததால் நன்றாகவே வந்தது!

அக்காளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம்.

“ஒலகம் பூராவுக்கும் ஒரே சட்டமா தம்பி?”

“ஆமா அக்கா.”

“அப்ப அத மீறுனா புடிச்சிட்டுப் போக ஒலகத்துக்குப் பொலீசு யாரு?”

நான் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்தேன். பிறகு லண்டனில் முதல் வகுப்பில் பேராசிரியர் இதே கேள்வியைத்தான் கரும்பலகையில் எழுதினார். அறிஞர்கள் முட்டி மோதுகிற இடத்துக்கு என் அக்காள் ரொட்டி சுட்டுக்கொண்டே வந்து சேர்ந்திருந்தாள்.

என் மூத்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “சர்வதேசச் சட்டமோ? படிச்சுப்போட்டு வந்து ஹட்டன் கோர்ட்டில அதை ஆருக்குக் காட்டப் போறீர்?” என்று கேட்டார். பிறகு கைகொடுத்தார்.

புறப்படும் நாளில் அக்காள் அத்தானோடு தலவாக்கலை ஸ்டேஷனுக்கு வந்தாள். கையில் தன் புதுக் கம்பளி. மழையில் மலையில் நிற்கும்போது தலையோடு போர்த்திக்கொள்ள வேண்டிய கம்பளி. “அங்கிட்டு ரொம்பக் குளிராமே. என்னுது பழசு இன்னும் ஒழைக்கும்” என்றாள். வேண்டாம் என்றேன். அத்தான் அதைப் பிடுங்கி என் பெட்டியில் திணித்தார்.

இரண்டு குளிர்காலம் அதைத்தான் போர்த்திக்கொண்டேன். இதை நான் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? அனுதாபம் தேடியா? தெரியவில்லை... நடந்தது அது.

படிப்பு எனக்கு நன்றாக வந்தது. நாடற்றவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். ஒருவரை நேரில் கேட்காமல் அவருக்கு நாடில்லை என்று எவரும் தீர்ப்பெழுதலாகாது என்று ஓர் அத்தியாயம் முழுவதும் வாதிட்டேன். அந்த அத்தியாயத்தில்தான் உயிர் இருக்கிறது என்று பேராசிரியர் எழுதினார்.

அக்காளின் கடிதங்கள் வரும். அவள் சொல்லச் சொல்ல, அவள் மகள் இந்திராணி எழுதுவாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அழகான கையெழுத்து. சாப்பாடு என்ன, துணி யார் துவைக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் மரியாதையாகப் பேசுகிறார்களா... எல்லாம் கேட்டிருப்பாள். ஒரு கடிதத்தின் அடியில் மட்டும் இரண்டு வரி வேறாக இருந்தது. “அப்பா எழுதச் சொன்னது: என்னால்தான் காரியம் கெட்டது. தம்பி அதை மனசில் வைத்துக்கொண்டு படிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.”

அந்தக் கடிதத்தை நான் கிழித்தேன். கிழித்த பிறகு ஒட்டவைக்கப் பார்த்தேன்.

திரும்பி வந்தேன். கொழும்பில் சட்டம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. தோட்டத்தில் கூட்டம் வைத்து மாலை போட்டார்கள், அத்தான்தான் போட்டார். பிறகு இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தனை பேரை இந்தியா எடுக்கும், இத்தனை பேர் இங்கே இருக்கலாம் என்று மனிதரைப் பிரித்துக்கொண்டார்கள். நான் லண்டனில் படித்த உடன்படிக்கை இப்போது என் அக்காளின் கதவைத் தட்டியது. யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. லயத்து ஜனங்கள் என்னிடம் வந்து விளக்கம் கேட்டார்கள். நான் விளக்கினேன். எனக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம் அல்லவா!

அக்காள் குடும்பத்துக்குப் பழைய விண்ணப்பத்திலேயே பிரஜாவுரிமை கிடைத்திருந்தால் இந்தக் கணக்கில் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

இந்திராணிக்கு இப்போது பதினேழு வயது. எஸ்.எஸ்.சி. தேறிவிட்டாள். எங்கள் லயத்தில் அதுவரை ஒரு பெண்ணும் தேறியதில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். பிரஜை அல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. செய்தி கேட்டு நான் ஞாயிறன்று போனேன்.

பிள்ளை அழவில்லை. கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். அக்காள்தான் பொறுக்காமல் அத்தான் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடத்தில் அவள் அவரை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“ஒங்க ஆத்தா மொகத்தப் பாக்க அன்னைக்குக் கப்பலேறிப் போனீங்களே... இப்ப எம்புள்ள மொகத்தப் பாருங்க!”

அத்தான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் பின்னால் போனேன். கோயிலுக்கு மேலே, தேயிலை நடுவே போகிற பாதையில், ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது. கீழே லயத்தின் தகரக் கூரைகள் தெரிந்தன.

நின்றபடியே சொன்னேன். கடிதம் வந்ததை, ஒரே நாளாக இருந்ததை, தபாலில் பிந்திப் போட்டதை, மூன்று மாதம் பூட்டி வைத்ததை. உங்கள் பயணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அத்தான் என்றேன். உங்கள் பேரில் ஒரு குறையும் இருக்கவில்லை என்றேன்.

அவர் பிறகு கேட்டது இதுதான்:

“அப்ப... எங்க ஆத்தாவப் பாக்கப் போனது தப்பில்லையா?”

“இல்ல அத்தான்.”

தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. நான் தொடப் போனேன். கையை உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினார். அந்தக் கை என்னைத் தண்ணீரில் கடத்திய கை... என்னைத் தள்ளி நிறுத்தியது அன்றுதான்.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் எழுதிக் கொடுக்கிறேன் அத்தான். சத்தியக் கடதாசி முடிக்கிறேன். தப்பு என்னுடையது என்று சொல்லி, வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.”

“குடுத்தா கெடைக்குமா?”

“தெரியாது. கெடு முடிந்து ஐந்து வருசம்.”

“ஒங்க வேல?”

“போனாலும் போகும்.”

அவர் கீழே லயத்தைப் பார்த்தார்.

“வேணாங்க. எழுதவும் வேணாம், அவகிட்ட சொல்லவும் வேணாம்.”

“அத்தான்...”

“அவ என்னத் திட்டுனா திட்டிட்டுப் போகட்டும். திட்டுவா, அப்புறம் சோறு போடுவா. எனக்குப் பழகிப்போச்சு. ஒங்களத் திட்ட அவளுக்கு வராதுங்க தம்பி. இதக் கேட்டா அவ ஒடஞ்சு போயிருவா.”

“என்னை மன்னிப்பீர்களா?” என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். நாலடி போய்த் திரும்பாமலே சொன்னார்: “அவளுக்காகத்தான் சொல்றேன். ஒங்களுக்காக இல்ல.”

நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். அக்காளிடம் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம், சரி. ஆனால் அந்தச் சத்தியக் கடதாசி? இந்திராணிக்காக, கிடைக்கிறதோ இல்லையோ, எழுதியிருக்க வேண்டாமா? அவர் வேண்டாம் என்ற அந்தக் கணத்தில் என் நெஞ்சுக்குள் ஏதோ இலேசானது. அது என்னவென்று எனக்குத் தெரியும். நிம்மதி! என் வேலை பிழைத்தது என்ற நிம்மதி. முதல் குற்றத்தை இருபத்தைந்து வயதில் செய்தேன். இதை முப்பது வயதில், எல்லாம் தெரிந்து, செய்தேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அக்காளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இந்திராணி கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். அவள் இதைப் படித்தால்... படிக்கட்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. படிக்கக் கூடாதே என்று ஒரு மனம் துடிக்கிறது. இரண்டில் எது என் மனம் என்று எனக்கே தெரியவில்லை.

நாங்கள் திரும்பியபோது அக்காள் கோபம் தணிந்து சமைத்து முடித்திருந்தாள். எங்கள் இருவருக்கும் இந்திராணிக்கும் தட்டு வைத்தாள். அத்தான் என் எதிரில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதை அவள் கவனித்துவிடக் கூடாதென்று, சோறு நல்லா இருக்கு என்று இரண்டு முறை சொன்னார்.

அக்காள் சட்டியைச் சாய்த்து வழித்து, கருவாட்டுத் துண்டுகளில் பெரியதை என் தட்டில் வைத்தாள்.

“நீ ஒருத்தன் இருக்கங்கிற தைரியத்துலதாண்டா தம்பி நாங்க இருக்கோம்” என்றாள்.

நான் சாப்பிட்டேன். ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.